நான்கு ஏக்கர் நிலமும் இருபது ஆடுகளும்: தாராபுரம் வட்டாரத்தில் ஓர் ஆண்டு

மூலனூர் பக்கம் உங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காடும் ஓர் ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் இருக்கின்றன என்றும், வேலியோரம் வேம்பும் வெள்வேலும் அரப்பு மரங்களும் நிற்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். இருபது பெட்டை வெள்ளாடுகளோடு பண்ணை தொடங்கினால் ஆண்டு முழுவதும் வேலை எப்படி ஓடும், பலரும் சொல்வதுபோல் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று எடுக்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். இரண்டாவது கேள்விக்குரிய விடை முதல் கேள்விக்குள்ளேயே இருப்பதால் ஆண்டின் போக்கிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் போக்கையும் சித்திரையிலிருந்து சொல்லாமல், தழைக்குத் தட்டுப்பாடு தொடங்கும் மாசி நடுவிலிருந்து சொல்வதுதான் பொருத்தம். ஐப்பசியின் பசுமையைப் பார்த்து ஆடு வாங்கியவர்கள் பங்குனியில் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போவதை உங்கள் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

திருப்பூர் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழை இன்னொரு பங்கைக் கொடுக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிட, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்து சேர்கிறது. ஆகவே தை பிறந்த பிறகு நிலம் காயத் தொடங்கினால் கோடை மழை விழும்வரை புதிதாக எதுவும் முளைக்காது. மாசி நடுவிலிருந்து வைகாசி முற்பகுதி வரையிலான ஏறத்தாழ தொண்ணூறு நாள்களில் உங்கள் நிலம் எத்தனை வாய்களுக்குத் தீனி போடுமோ, அதுதான் உங்கள் பண்ணையின் உண்மையான அளவு.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முப்பது கிலோ எடையுள்ள ஓர் ஆடு தன் எடையில் ஏறத்தாழ நான்கு விழுக்காட்டை ஈரம் நீங்கிய தீவனக் கணக்கில் ஒவ்வொரு நாளும் தின்னும், அதாவது 1.2 கிலோ. இருபது ஆடுகளுக்கு 24 கிலோ, தொண்ணூறு நாள்களுக்கு 2,160 கிலோ. மரத்தழையில் பத்தில் மூன்று பங்குதான் காய்ந்த நிறை என்பதால், இதில் பாதியைத் தழையாகக் கொடுப்பது என்றாலும் மூன்றரை டன்னுக்கு மேல் பச்சைத் தழை வெட்ட வேண்டியிருக்கும். மீதிப் பாதிக்குச் சோளத்தட்டும் கடலைக்கொடியும் வேலங்காயும் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். இதோடு முடிவதில்லை; இருபது பெட்டைகளோடு ஒரு கிடாயும், மார்கழியில் பிறந்து பங்குனியில் பால் மறந்த இருபத்தைந்து முப்பது குட்டிகளும் சேர்ந்து நிற்கும். இருபது என்று எண்ணித் தொடங்குகிறவர் கோடையில் ஐம்பது வாய்களை எதிர்கொள்கிறார். உங்கள் நான்கு ஏக்கருக்குப் பன்னிரண்டு பெட்டைகளும் ஒரு கிடாயும் போதும் என்பதே என் கருத்து. இரண்டு கோடைகளைத் தாண்டிய பிறகு நிலம் தாங்குகிறதா என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்தத் தொண்ணூறு நாள்களில் பண்ணையைக் காப்பாற்றுபவை மரங்களே. புல் காய்ந்து தரையோடு ஒட்டிவிட்ட பங்குனியில் வேம்பு துளிர்த்து நிற்கும். சித்திரையிலிருந்து வெள்வேலின் காய்கள் முற்றி உதிரத் தொடங்கும்; காலையில் மரத்தடியைக் கூட்டி அள்ளினால் அன்றைய அடர்தீவனத்தில் ஒரு பங்கு கிடைத்துவிடும். காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கொரங்காடு என்று சொல்லப்படும், கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லோடு வெள்வேலையும் சேர்த்து வளர்த்தவர்கள் நிழலுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை; புல் தீர்ந்துபோன மாதங்களில் காய் உதிர்க்கும் மரம் அது. கருவேலங்காய்க்கும் இதே குணம் உண்டு. இவற்றின் துவர்ப்புச் சத்து அளவோடு இருந்தால் குடற்புழுக்களின் பெருக்கத்தைச் சற்றே மட்டுப்படுத்தும், அளவு மீறினால் புரதம் செரிப்பதைக் கெடுக்கும். ஆகவே ஆட்டுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ அளவில் மற்ற தீவனங்களோடு கலந்து கொடுப்பதே சரி. சீமைக்கருவேலங்காயையும் ஆடுகள் விரும்பித் தின்னும் என்றாலும், அதன் விதைகள் வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறி, எரு போட்ட இடமெல்லாம் முளைக்கும். விளைநிலத்தில் பட்டி போடுபவர்கள் அந்தக் காயை இடித்துக் கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்காமலே விட வேண்டும்.

தழை வெட்டுவதில் பெரும்பாலோர் தவறுவது ஓர் இடத்தில்தான். பங்குனியில் தொரட்டியை எடுத்தால் நிற்கிற மரத்தையெல்லாம் ஒரே மூச்சில் மொட்டையடித்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் ஆட்டுக்கு நிழலும் இல்லை, வைகாசிக்குத் தழையும் இல்லை என்றாகிவிடுகிறது. மரங்களை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு கோடையில் ஒரு பங்கை மட்டும் ஆழமாகக் கழித்து, மற்றவற்றில் கீழ்க்கொம்புகளை மட்டும் எடுத்தால் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு ஆண்டுகள் ஓய்வு கிடைக்கும். அகத்தியின் தலையை அடியோடு வெட்டினால் அது பட்டுப்போகும். நுனி கிள்ளிப் பக்கக் கிளைகளை மட்டும் ஒடிக்க வேண்டும், அப்படிச் செய்தாலும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பியிருக்க முடியாது. சூபாபுல் வெட்ட வெட்டத் தழைப்பது என்றாலும் அதில் உள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருளால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. கிளைரிசிடியாவின் வாடை பிடிக்காமல் ஆடுகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெட்டி அரை நாள் வாடவிட்டு, பழகிய தழையோடு கலந்து கட்டினால் சில நாள்களில் தின்னத் தொடங்கிவிடும்.

எந்தத் தழையானாலும் தரையில் போடாமல் ஆட்டின் தலைக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். தலையை உயர்த்தித் தின்பது வெள்ளாட்டின் இயல்பு. மிதிபட்டு மூத்திரம் பட்ட தழையை அது முகர்ந்தும் பார்க்காது. கோடையில் மேய்ச்சல் நேரமும் மாறுகிறது. விடிந்ததும் ஓட்டிப் பத்து மணிக்குள் நிழலுக்குத் திருப்பி, நான்கு மணிக்கு மேல் மறுபடி ஓட்ட வேண்டும். நடுப்பகலில் மரத்தடியில் தண்ணீர்த்தொட்டி நிறைந்திருக்க வேண்டும். மற்றப் பருவங்களில் இரண்டு மூன்று லிட்டரோடு நிறுத்திக்கொள்ளும் ஆடு கோடையில் ஐந்து லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

கோடை மழை விழுந்ததும் காடு பச்சை கட்டும். கொழுக்கட்டைப் புல் ஒரே வாரத்தில் தூர் கட்டிவிடும்; கிளுவை வேலி இலை விடும். இங்கே ஓர் எச்சரிக்கை. கொரங்காட்டில் மாடும் செம்மறியும் மேய்வதுதான் பெருமளவு வழக்கம். வெள்ளாடு கிளுவையின் துளிரை எட்டிக் கடித்து வேலியை ஓட்டையாக்கும் என்பதால் அதை விரும்பாதவர்கள் உண்டு. வெள்ளாடுதான் வளர்ப்பேன் என்றால் வேலி துளிர்க்கும் மாதத்தில் ஆளில்லாமல் ஆட்டை உள்ளே விடக்கூடாது. வேலி போனால் பக்கத்துக் காட்டுச் சோளத்துக்குள் ஆடு இறங்கும். அதன் பிறகு நடப்பது ஆடு வளர்ப்பைப் பற்றியது அல்ல, பஞ்சாயத்தைப் பற்றியது.

புதுப்புல் வந்தவுடன் வருகிற கேடு துள்ளுமாரி. வறண்டுகிடந்த வயிற்றுக்குத் திடீரென இளம்புல்லோ தானியமோ மிகுதியாகப் போனால் குடலில் ஏற்கெனவே இருக்கும் ஒருவகை நுண்ணுயிரி பெருகி நஞ்சைச் சுரக்கும். நேற்று மாலை கொழுகொழுவென்று நின்ற ஆடு காலையில் துள்ளி விழுந்து செத்துக்கிடக்கும். மருத்துவம் செய்ய நேரம் இருப்பது அரிது. தடுப்பூசி மட்டுமே வழி. அதை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். முதல் முறை போடும் ஆடுகளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இன்னொரு தவணையும் தேவை. ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.) நோய்க்கான தடுப்பூசியை ஒருமுறை போட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தாங்கும். உலகிலிருந்தே அந்த நோயை 2030க்குள் ஒழிப்பது என்ற இலக்கோடு பணிகள் நடந்து வருவதால் அரசுக் கால்நடை மருந்தகத்தில் அது கிடைக்கும். கோமாரித் தடுப்பூசிக்கும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, ஆண்டின் அச்சாணியான ஆடி மாதத்துக்கு வருகிறேன். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். குளிர்நாடுகளில் பகல் குறையும் பருவத்தில் மட்டும் ஆடுகள் பருவத்துக்கு வரும். நம் நாட்டு ஆடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, தீனி நன்றாக இருந்தால் எந்த மாதத்திலும் 20, 21 நாள்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இதைக் காட்டித்தான் எட்டு மாதத்துக்கு ஓர் ஈற்று, இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று என்ற கணக்கைச் சொல்கிறார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதை நம் மாதங்களின்மேல் வைத்துப் பாருங்கள். ஆடி நடுவில் கிடாய் சேர்ந்தால் மார்கழி நடுவில் குட்டி. அதிலிருந்து எட்டு மாதம் தள்ளி அடுத்த ஈற்று ஆவணி நடுவில். அதற்குப் பங்குனியில், அதாவது மூன்று மாதம் பால் கொடுத்து இளைத்துத் தீனியும் குறைந்து நிற்கும் நிலையில், ஆடு சினை பிடிக்க வேண்டும். அதற்கும் அடுத்த எட்டாவது மாதம் சித்திரை. நிலத்தில் ஒரு பச்சையும் இல்லாத நாளில் இரண்டு குட்டிகளுக்குப் பால் சுரக்க வேண்டிய தாய் தன் உடம்பைக் கரைத்துத்தான் சுரக்கும். பால் போதாமல் குட்டி சாகும். பிழைத்த குட்டி வளராமல் நிற்கும். தாய் அடுத்த பருவத்துக்கு வரவே நான்கைந்து மாதங்கள் ஆகும். மூன்று ஈற்றில் ஒன்று தவறாமல் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது.

கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நின்று, வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் அகத்தியும் குறையாமல் அறுக்க முடிகிறவர்கள் மூன்று ஈற்றுக்கு முயலலாம். உங்கள் ஓர் ஏக்கர் கிணற்றுப் பாசனத்தை நம்பி முதல் இரண்டு ஆண்டுகளில் அதில் இறங்க வேண்டாம். ஆடியில் சேர்த்து மார்கழியில் எடுக்கும் ஓர் ஈற்று உறுதியாகக் கிடைத்தாலே இரட்டைக் குட்டிகளின் பங்கு கூடும், குட்டிச் சாவு குறையும். தாய்மார்களில் உடல் தேறியவற்றை மட்டும் வைகாசி, ஆனியில் பார்த்துத் தனியாக முடிவெடுக்கலாம்.

ஏன் ஆடி என்றால், கோடை மழையின் புல்லைத் தின்று ஆனியில் ஆட்டின் உடல் ஏறத் தொடங்கியிருக்கும். எடை ஏறும் நிலையில் இருக்கும் பெட்டை ஒன்றுக்கு மேற்பட்ட கருமுட்டைகளை வெளியிடும் வாய்ப்பு மிகுதி. கிடாய் சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஆட்டுக்கு 200 முதல் 250 கிராம் வரை உடைத்த சோளமோ கம்போ தவிட்டோடு கலந்து படிப்படியாகக் கொடுத்தால் இந்தப் பலன் இன்னும் கூடும். கிடாயை ஆண்டு முழுதும் மந்தையோடு விடாமல், ஆனி மாதம் முழுவதும் வாடையும் குரலும் எட்டாத தொலைவில் கட்டிவைத்து ஆடி பிறந்ததும் சேர்த்துவிடுங்கள். பிரிந்திருந்த கிடாயின் வாடை பட்டதும் பல பெட்டைகள் ஒரு வாரம் பத்து நாளுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். ஆறு வாரம் சேர்த்து வைத்தால் இரண்டு பருவச் சுற்றுகள் கிடைக்கும். குட்டிகளும் ஆறு வார இடைவெளிக்குள் பிறந்து முடியும். பன்னிரண்டு பெட்டைக்கு ஒரு கிடாய் தாராளம். நல்ல கிடாய் இருபது, இருபத்தைந்து பெட்டைகளுக்குக்கூட ஈடுகொடுக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதே கிடாயை வைத்திருந்தால் தன் மகள்களோடே சேரும் என்பதால் மாற்றிவிட வேண்டும்.

ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்குக் கொட்டகையின் மேற்குப் பக்கத்தைத் தட்டியால் மறைக்க வேண்டியிருக்கும். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் உள்ளே ஏறாது. மேற்குப் பக்கம் குறுகிய பக்கமாகவும் அமைவதால் மறைப்பதும் எளிது. ஓர் ஆட்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி கூரை நிழலும், அதைப்போல் இரு மடங்கு திறந்த இடமும் போதும். தரைக்கு மேலே உயர்த்திய தளமாகப் பரண் அமைக்கும் செலவை இப்போது செய்ய வேண்டாம். மழை குறைந்த உங்கள் பகுதியில் மேடாக்கிக் கிராவல் மண் கொட்டிய தரை, தண்ணீர் தேங்காமல் இருந்தால், ஆண்டில் பத்து மாதத்துக்குப் பரணுக்கு எந்த வகையிலும் குறைந்தது அல்ல.

ஆவணியும் புரட்டாசியும் விதைப்பு மாதங்கள். மானாவாரி மூன்று ஏக்கரில் ஒரு பகுதியில் தீவனச் சோளத்தோடு தட்டைப்பயறோ நரிப்பயறோ கலந்து விதையுங்கள். இன்னொரு பகுதியில் கொள்ளு. ஏற்கெனவே புல் நிற்கும் இடத்தை உழாமல் மேய்ச்சலுக்கு விட்டுவிடுங்கள். கிணற்று நிலம் முழுவதிலும் கோ 4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்டுவிட்டு, தீவனம் மலைபோல் குவிகிறதே என்று மகிழ்பவர்களைப் பார்க்கிறேன். மாட்டுக்கு அது சரி. வெள்ளாடு தடித்த தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் உருவித் தின்னும். அதிலும் புரதம் குறைவு. ஓர் ஏக்கரில் கால் பங்குக்கு மேல் புல்லுக்குக் கொடுக்காமல், மீதியில் வேலிமசாலையும் பலமுறை அறுக்கும் கோ எஃப்எஸ் 29 சோளத்தையும், வரப்புகளில் அகத்தியையும் வைத்தால் ஆட்டுக்கேற்ற தீவனமாக அமையும். வேலிமசால் விதையின் மேல்தோல் கடினமானது; கொதிக்கவைத்து இறக்கிச் சில நிமிடம் விட்ட, சூடு குறையாத வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து விதைக்காவிட்டால் பாதி முளைக்காது. கிளைரிசிடியாவையும் கல்யாண முருங்கையையும் போத்தாக நடுவதற்கும் புரட்டாசிக் கடைசியே நல்ல காலம்; நட்டதைச் சுற்றி முள் கட்டி இரண்டு ஆண்டு காக்காவிட்டால் அந்தக் கன்றை உங்கள் ஆடே தின்று தீர்த்துவிடும்.

சோளத்தைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இளஞ்சோளப் பயிரில், அதிலும் மழை பொய்த்து வாடிய பயிரிலும் அறுத்த பின் தழைக்கும் மறுதாம்பிலும், சயனைடு நஞ்சு உருவாகும் பொருள் மிகுதியாக இருக்கும். மேய்ந்த சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி, தள்ளாடி விழுந்து ஆடு இறந்துவிடும். பூத்த பிறகு அறுத்தால் இந்த அபாயம் குறைகிறது; வெயிலில் நன்கு உலர்த்திய தட்டில் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மரவள்ளி இலைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆடு விழுந்துவிட்டால் கைவைத்தியத்தில் நேரத்தை இழக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்துக்குக் கிடைத்தால் பிழைக்கும். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தீவனத்துக்குப் பஞ்சம் இல்லை. வேலை முழுவதும் நோயைத் தடுப்பதில் போகும். குடற்புழுவின் முட்டைகள் புழுக்கையோடு விழுந்து, ஈரத்தில் பொரித்து, புல்லின் அடிப்பகுதியில் பனித்துளியோடு ஏறிக் காத்திருக்கும். மேலே எட்டித் தழை தின்றே பழகிய வெள்ளாட்டுக்கு, தரைப்புல் மேயும் செம்மறியைவிட இந்தப் புழுக்களைத் தாங்கும் ஆற்றல் குறைவு. ஆகவே பனி உலர்ந்த பிறகே, ஒன்பது மணிக்கு மேல், ஓட்ட வேண்டும்; குட்டையாகக் கடிபட்ட புல்லில் மறுபடி விடாமல் பகுதி மாற்றி மேய்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மருந்துக்கு அடங்காத புழுக்களை நாமே வளர்த்தெடுக்கும் வழி அது. கீழிமையை விலக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்கும் ஆட்டுக்கு இப்போது மருந்து தேவையில்லை. வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு உள்ளே இருக்கிறது என்று கொண்டு, எடை போட்டுப் பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். கண்ணளவில் எடையைக் குறைத்து மதிப்பிட்டுக் கொடுக்கும் அரைகுறை மருந்து, கொடுக்காமல் இருப்பதைவிடக் கேடு.

மழைக்காலக் கொசுக்களும் கடிக்கும் சிறு பூச்சிகளும் வேறொரு தொல்லை. செம்மறிகளைப் பெரிதும் வாட்டும் நீலநாக்கு நோய் அந்தச் சிறு பூச்சிகளாலேயே பரவுகிறது. வெள்ளாட்டில் அது பெரும்பாலும் வெளியே தெரியாமல் இருந்து பக்கத்துச் செம்மறி மந்தைக்குப் போகும். மாலையில் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் இடுவது இதற்காகத்தான். கால் குளம்பிடுக்கு அழுகாமல் பட்டி வாசலில் சுண்ணாம்புத் தூள் போடலாம்.

மார்கழியில் குட்டிகள் பிறக்கும். ஆண்டின் பரபரப்பான நாள்கள் இவைதாம், இரவில் இரண்டு முறையாவது எழுந்து பார்க்க வேண்டும். பிறந்த குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, தொப்புள்கொடியை அயோடினில் நனைத்து, அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்ய வேண்டும். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோக் குட்டிக்கு அது 200 மில்லி. நேரம் போகப் போகச் சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குடல் ஏற்கும் திறன் குறைந்து ஒரு நாளில் ஏறத்தாழ நின்றுவிடும் என்பதால், நாளைக்கு ஊட்டலாம் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு பால் குடிக்கவிடலாம் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. குட்டி சப்பச் சப்பத்தான் கருப்பை சுருங்கி நஞ்சு விழுகிறது.

மார்கழிக் குளிரில் குட்டிகளுக்கு நுரையீரல் அழற்சி வரும். தென்மாவட்டங்களில் ஊர் ஊராக மந்தை ஓட்டிச் செல்லும் கீதாரிகள், குடாப்பு என்ற கூடை போன்ற கவிப்புக்குள் குட்டிகளை அடைப்பார்கள். நீங்கள் கொட்டகையின் ஒரு மூலையைச் சாக்கால் மறைத்து, சோளத்தட்டு பரப்பி, நாள்தோறும் மாற்றினால் போதும். காற்று முழுவதும் அடைபடக்கூடாது. மூத்திர வாடை கண்ணைக் கரிக்கும் அளவுக்குப் போனால் குளிரைவிட அதுவே நுரையீரலைக் கெடுக்கும். பதினைந்தாம் நாளிலிருந்து குட்டிகளின் எட்டும் உயரத்தில் இளந்தழை கட்டுங்கள். மூன்றாம் வாரத்துக்கு மேல் இரத்தம் கலந்த கழிச்சல் கண்டால், தரை ஈரமாகவும் நெருக்கமாகவும் இருக்கிறது என்று பொருள். மருந்தோடு இடத்தையும் மாற்ற வேண்டும். மூன்று மாதத்தில் பால் மறக்கடிக்கலாம். கிடாய்க் குட்டிகளை நான்கு மாதத்துக்கு மேல் பெட்டைகளோடு விட்டுவைத்தால் வளர்ந்து முடியாத பெட்டைக் குட்டிகள் சினையாகிவிடும். பெட்டைக் குட்டிகள் வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பிறகே கிடாயோடு சேரலாம்.

தையும் மாசி முற்பகுதியும் ஆண்டில் இலேசான காலம். அறுவடையான காடுகளில் யார் ஆடும் மேயலாம். தட்டும் கொடியும் போர் போடலாம். பட்டியைக் காட்டுக்குக் காடு மாற்றிப் போட்டு எரு சேர்க்கலாம். ஆட்டு எரு அந்த ஆண்டே பலன் தரும் என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். உங்கள் மானாவாரிச் சோளத்துக்கு வேறு உரம் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காங்கேயம், வெள்ளக்கோயில் பகுதிகளில் தெருநாய்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது அண்மைய ஆண்டுகளில் விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடும் அளவுக்குப் போயிருக்கிறது. முள்படல் மட்டும் போதாது. ஆறடி உயரக் கம்பிவலையை அடிப்பகுதி மண்ணில் புதையுமாறு கட்டிவிட்டுத்தான் ஆடு வாங்க வேண்டும்.

விற்பனைக்கும் பருவம் உண்டு. புரட்டாசியில் பலர் இறைச்சி உண்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்களால் கடைகளில் கூட்டம் குறையும். பங்குனி, சித்திரைக் கோயில் திருவிழாக்களும், ஆடியில் கிடாய் வெட்டும், தீபாவளியும், தைப்பொங்கலை அடுத்த கரிநாளும் விலை ஏறும் நேரங்கள். பக்ரீத் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். அதற்கு ஓராண்டு நிறைந்த, ஊனமில்லாத கிடாய்தான் எடுப்பார்கள் என்பதால் அதைக் குறிவைப்பவர் ஒரு கோடையின் தீனியை அந்தக் கிடாய்க்கு ஒதுக்க வேண்டும். மார்கழிக் குட்டிகளில் பாதிக் கிடாய்களைச் சித்திரையிலேயே கொடுத்துவிட்டு, மீதியை ஆடிக்கும் தீபாவளிக்கும் நிறுத்துவது உங்களுக்குப் பொருந்தும். சித்திரையில் கொடுப்பவற்றுக்கு எடை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் தீனி தட்டும் மாதத்தில் வாய்கள் குறைவதன் பயன் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். கன்னிவாடிச் சந்தை உங்களுக்குப் பக்கம். கண்ணளவில் விலை பேசும் வியாபாரியிடம் போவதற்கு முன் வீட்டில் தராசில் நிறுத்து, எடையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இனம் எது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். சேலம் கருப்பு ஈரோடு, கரூர், நாமக்கல் வரை பரவியுள்ள நாட்டினம். இந்த வெயிலுக்கும் முள்மரத் தழைக்கும் பழகியது. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கன்னி ஆடு இரட்டைக் குட்டிக்குப் பெயர் பெற்றது, அதுவும் வறண்ட நிலத்து ஆடுதான். தலைச்சேரி ஆடு மழை மிகுந்த மலபாரிலிருந்து வந்தது. கொட்டிலில் கட்டித் தீனி போடுபவர்களுக்கு நல்லது, உங்கள் காட்டில் மேய்த்து வளர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன். போயர் கலப்பு இப்போதைக்கு வேண்டாம். அதன் எடை தீவனச் செலவோடுதான் வரும். பத்து கிலோமீட்டர் சுற்றளவில் நல்ல உள்ளூர்ப் பள்ளை ஆடுகள் கிடைத்தால் அவற்றையே வாங்கி, கிடாயை மட்டும் சேலம் கருப்பாக வைத்துக்கொள்வது செலவு குறைந்த தொடக்கம்.

வாங்குவதற்கு ஏற்ற மாதம் வைகாசிக் கடைசி அல்லது ஆனி முற்பகுதி. கோடையைத் தாண்டி வந்த ஆட்டின் உண்மையான உடற்கட்டு அப்போது தெரியும். தழைத்த மாதத்தில் எல்லா ஆடும் நல்ல ஆடாகத்தான் தோன்றும். சந்தையில் பல ஊர் ஆடுகள் கலந்து நிற்பதால் நோயோடு வரும் வாய்ப்பு மிகுதி. முடிந்தவரை பண்ணைகளிலும் வீடுகளிலும் நேரில் பார்த்து, இரண்டு முதல் நான்கு நிலைப்பற்கள் வரை முளைத்த, ஓர் ஈற்றாவது போட்ட ஆடுகளாக எடுங்கள். மடியில் கட்டி இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள், கீழிமையைப் பாருங்கள், நடக்கவிட்டுக் குளம்பைப் பாருங்கள். கொண்டுவந்த ஆடுகளை மூன்று வாரம் தனியே வைத்துத் தடுப்பூசி போட்டு, ஆனி முழுதும் தேற்றினால், உங்கள் முதல் ஆடிக்குக் கிடாயைச் சேர்க்க எல்லாம் ஆயத்தமாக இருக்கும்.